முகத்தைத் திருப்பி விடும் புகை

"எத்தனை வருஷமாச் சுருட்டுப் பிடிக்கிறீங்க?" என்று மருத்துவர் கேட்டார். தம் வாழ்நாளில் ஒரு சுருட்டையேனும் தமக்கென்று பற்றவைத்துக்கொண்டதில்லை என்று சொல்வதற்காக எதிரில் அமர்ந்திருந்த நோயாளி வாயைத் திறந்தார். இருமல் முந்திக்கொண்டது. அது அடங்குவதற்குள் மருத்துவர் படத்தை வெளிச்சப் பலகையில் பொருத்தி, நுரையீரலில் பழுதுபட்ட இடங்களைப் பேனாவின் பின்முனையால் தொட்டுக் காட்டத் தொடங்கிவிட்டார்.

"நான் பிடிக்கிறதில்ல டாக்டர்."

"இப்ப விட்டிருப்பீங்க. முன்னாடி?"

"எப்பவுமே இல்ல."

மருத்துவர் சிரித்தார். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான். "உங்க கோட்டு வாசனையில எனக்கே ஒண்ணு பத்தவெச்சா தேவலைன்னு இருக்கு. வீட்டம்மா பக்கத்துல இருந்தா எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்று கூறி, அடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்த நோயாளியின் மனைவியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. மடியிலிருந்த கைப்பையைத் திறந்தாள்; எதையும் எடுக்காமலே மூடினாள்.

அவருக்கு ஒரு மனமகிழ்மன்றத்தின் சுருட்டறையில் வேலை. தோல் நாற்காலிகளும் கனத்த திரைகளும், எப்போதும் பாதி மட்டுமே திறந்திருக்கும் ஒரு சன்னலும் உடைய அறை அது. உறுப்பினர் கேட்கும் சுருட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, இரு விரல்களால் மெல்ல அழுத்தி ஈரப்பதம் பார்த்து, வாயில் வைக்கும் முனையைக் கத்தரித்து, நீளத் தீக்குச்சியைக் கிழித்து, கந்தக வாடை போகும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே சுடரைச் சுருட்டுக்கு அருகில் கொண்டுபோவார். ஒல்லியான உடம்பு, சற்றே பெரிய தலை. ஆகையால் உறுப்பினர்கள் அவரைத் தீக்குச்சி என்றே அழைத்தார்கள். அவரும் அதற்கே திரும்பிப் பார்த்தார்.

அவ்வறைக்கென்று சில நாகரிகங்கள் இருந்தன. சாம்பலைத் தட்டலாகாது, அது தானே உதிர வேண்டும். ஒருவர் சுருட்டிலிருந்து மற்றொருவர் நெருப்பெடுப்பது கூடாது. முடிந்த சுருட்டை நசுக்கி அணைப்பவரை மறுமுறை யாரும் தம் அருகில் உட்கார அழைக்கமாட்டார்கள். கிண்ணத்தின் விளிம்பில் அதைக் கிடத்திவிட்டால் அது தன் பாட்டில் அவிந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேலான விதி, எதிரில் இருப்பவரின் முகத்துக்கு நேரே புகையை விடலாகாது என்பது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பித்தான் விட வேண்டும். அதனை மீறிய உறுப்பினர் ஒருவரையும் அவர் கண்டதில்லை. சுவர்ப்பக்கத்தில் நின்றவர் அவர்தாம்.

மனைவியின் தகப்பனார் சுருட்டுக் குடித்தே இருமி இறந்தவர். அவருடைய எச்சில் கிண்ணத்தை அலம்பும் வேலை சிறுவயதிலேயே அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஆகவே திருமணத்துக்கு முன்பு அவள் இவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"புகை உண்டா?"

"இல்ல."

"இனிமே?"

"இனிமேயும் இல்ல."

அவர்களுக்குள் நடந்த காதல் பேச்சு அவ்வளவே. பின்னர் இந்த வேலை கிடைத்த செய்தியோடு அவர் வீட்டுக்கு வந்தபோது, அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "மிட்டாய்க் கடையில உக்காந்துக்கிட்டு இனிப்பே தொடலைன்னா எவ நம்புவா?" என்றாள். "நீ நம்பு, போதும்" என்றார் அவர். அவள் நம்பினாள். நாள்தோறும் அவருடைய கோட்டைத் தனி வாளியில் ஊறவைத்து, தனிக் கொடியில் உலர்த்தினாள். குளித்துவிட்டு வந்த பிறகே அவருக்குச் சோறு போட்டாள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பேருந்தில் அவள் வேறோர் இருக்கையில் அமர்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கோட்டை வாங்கி, அதன் கழுத்துப் பகுதியை முகர்ந்து பார்த்து, மற்றத் துணிகள் கிடந்த வாளியிலேயே அதனையும் போட்டாள்.

"என்னம்மா, தனியா போடலையா?"

"இனிமே என்னத்துக்குத் தனியா?"

பணிவிடையில் அவள் குறைவைத்தாள் என்று சொல்வதற்கில்லை. மருந்து வேளை தவறாமல் வந்தது, வெந்நீர் வந்தது, முதுகுக்கு மூன்றாவது தலையணையும் வந்தது. ஆனால் தன் படுக்கையை மட்டும் முன்னறைக்கு மாற்றிக்கொண்டாள். நாள் முழுவதும் வாய் ஓயாமல் பேசுகிறவள், அவரிடம் "மாத்திரை", "சாப்பாடு", "கதவு" என்று ஒற்றைச் சொற்களாகப் பேசலானாள். ஒருமுறை அவர் விளக்கத் தொடங்கியபோது, "டாக்டர் படிச்சவரு. படத்துல இருக்குது. நான் என்னத்தக் கண்டேன்?" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நெடுநாள் எதிர்பார்க்க வேண்டாமென்று மருத்துவர் கூறியிருந்தார். அவரை வருத்தியது அதுவன்று. போவதற்கு முன்னால் இவள் ஒருத்தி தம்மை நம்பிவிட வேண்டும்; அது நடவாமற்போனால், தாம் காத்த சொல்லுக்கு இந்த உலகத்தில் சாட்சியே இல்லாமற்போகும்.

மனைவி கடைக்குப் போயிருந்த வேளையில், வேறோர் ஊரில் குடும்பமாக இருக்கும் மகளிடம் தொலைபேசியில் பேசினார்.

"அப்பா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள் மகள். "சின்ன வயசுல நீங்க என்னைத் தூக்குனாலே அந்த வாசனைதான் வரும். எனக்கு அது பிடிக்கும். ஒத்துக்கிட்டா இப்ப என்ன குடிமுழுகிப் போகுது? அம்மா ஒரு வாரம் கத்துவாங்க. அப்புறம் அவங்களே கஞ்சி வெச்சுக் குடுப்பாங்க."

"நான் பிடிக்கவே இல்லடா."

"சரிப்பா, சரி."

அந்தச் 'சரி' அவருக்கு நன்றாகத் தெரிந்ததுதான். இதுவே தம் கடைசிச் சுருட்டு என்று அறிவிக்கும் உறுப்பினர்களிடம் அவரும் அப்படித்தான் சொல்லிவந்தார்.

அதன்பின் அவருக்கு நீதிபதியின் நினைவு வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி, அவ்வறையின் நாகரிகங்களை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பவர், விளையாட்டுக்கும் பொய் சொல்லாதவர் என்று பெயரெடுத்தவர். அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் மனைவியால் தட்ட இயலாது. இரண்டு இடங்களில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, மன்றத்தின் பின்வாசல் வழியாக அவர் சுருட்டறைக்குச் சென்றார். சுவர்ப்பக்கத்தில் இப்போது வேறோர் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

"அடடே, தீக்குச்சி!" என்றார் நீதிபதி. "என்னப்பா இப்படி இளைச்சுட்டே? ஏற்கெனவே குச்சி, இதுக்கு மேல எங்கே இளைக்கிறது?"

அவர் நோயைச் சொன்னார். மருத்துவர் சொன்னதையும் சொன்னார். நீதிபதி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் புகையை விட்டார். திரும்பவும் இவரை நோக்கியபோது அவர் நெற்றி உண்மையான வியப்பால் சுருங்கியிருந்தது.

"பிடிக்காத உனக்கு இது எப்படிப்பா வந்துச்சு? நாங்க யாரு மூஞ்சிக்கு நேராவும் விட்டதே இல்லையே!"

"இல்லைங்கய்யா. எல்லாரும் மரியாதையாத்தான் விட்டீங்க."

"அதானே!"

"வீட்டுல நம்ப மாட்டேங்கிறாங்கய்யா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"சொன்னாப் போச்சு. உண்மையைச் சொல்றதுக்கு எனக்கென்ன தயக்கம்? ஞாயித்துக்கிழமை வர்றேன்."

சொன்னபடியே வந்தார். மூன்று மாடி ஏறிவந்த களைப்பு நீங்குவதற்கு முன்பே, சட்டைப்பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டத் தொடங்கினார். மனைவியின் பார்வை அதன்மேல் பதிந்ததைக் கண்டு, "பத்தவெக்க மாட்டேம்மா, பயப்படாதீங்க. கையில இது இருந்தாத்தான் எனக்குப் பேச்சே வரும்" என்றார்.

"பேசுங்க. நெருப்பு இல்லாமப் பேசுனாச் சரி" என்று சொல்லி, அவள் தேநீரை வைத்துவிட்டுக் கதவோரமாக நின்றாள்.

நீதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டார். "இத்தனை வருஷமா இவரைப் பார்க்கிறேன். இவரை மாதிரி ஒழுங்கான ஆள் அந்தக் கிளப்புல இன்னொருத்தர் கிடையாது. ஒரு சுருட்டு குறைஞ்சதுன்னு யாரும் சொன்னதில்லை. சுருட்டுக் குடிக்கிற பழக்கம் இவருக்குக் கிடையாதுன்னு நான் தாராளமாச் சொல்வேன்."

கட்டிலில் சாய்ந்திருந்தவருக்கு, பல நாட்களுக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை இறங்கியது போலிருந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். அது இளகியிருந்தது, இளகாமலும் இருந்தது.

"ஒழுங்குல நானும் குறை சொல்லலைங்க" என்றாள் அவள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இவரு வாயில சுருட்டை நீங்க பார்த்ததே இல்லையா? ஒரு தடவைகூட?"

சுருட்டு உருளாமல் நின்றது. வாழ்நாள் முழுவதும் பிறரிடமிருந்து முழு உண்மையை எதிர்பார்த்தவர் நீதிபதி. தமக்கென்று ஒரு சலுகையை எடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

"பார்த்திருக்கேன்" என்றார்.

கப்பல் கம்பெனி நடத்திய முதியவர் ஒருவர் அம்மன்றத்தில் இருந்தார். பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு வாயின் ஒரு பக்கம் மூடவில்லை. ஆகவே சுருட்டில் நெருப்புப் பிடிக்குமளவுக்கு இழுக்க இயலவில்லை. தீக்குச்சிமேல் தீக்குச்சி எரிந்து முடிய, மற்ற உறுப்பினர்கள் பார்க்காததுபோல் பேசிக்கொண்டிருக்க, அம்முதியவரின் கண்களில் நீர் நிறைந்துவிட்டது. அன்று, குச்சி கிழித்துக்கொண்டிருந்த இவர் அந்தச் சுருட்டை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி, நெருப்புப் பிடிக்கும்வரை தாமே இழுத்து, புகையை உள்ளே விடாமல் ஊதி, முனையைக் கைக்குட்டையால் துடைத்து, முதியவரின் நல்ல பக்கத்து உதட்டில் வைத்தார். அதன்பின் அது நாள்தோறும் நடந்தது. நடக்க முடியாதவருக்குக் கைகொடுப்பது எப்படியோ அப்படித்தான் அது அவருக்குத் தோன்றியது. புகைபிடித்தல் என்று அதற்குப் பெயரிடலாம் என்பது அவர் மனத்தில் உதித்ததே இல்லை.

நீதிபதி இதனை ஒன்றும் விடாமல் எடுத்துரைத்தார்.

"எவ்வளவு நாள் இது நடந்துச்சு?" என்று கேட்டாள் மனைவி.

"அந்தக் கிழவர் சாகிற வரைக்கும். ஒரு வருஷம் இருக்கும்."

"ஓ" என்றாள். பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றாள்.

நீதிபதி குடித்தார், நிறைவோடு எழுந்தார். வாசலுக்குப் போகும்போது நோயாளியின் தோளைத் தட்டி, "எதையும் மறைக்காம விளக்கமாச் சொல்லிட்டேன்பா. இனிமே சந்தேகத்துக்கு இடமில்லை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கதவு சாத்தப்பட்டது. தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, அவள் கட்டிலுக்கு எட்டி நின்றாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ற அளவுக்குப் பெரிசாத் தோணலம்மா. அது அவருக்காக."

"எங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு. யாரோ கை விளங்காத சிநேகிதருக்குப் பத்தவெச்சுக் குடுத்தாராம். அதுதான் ஆரம்பமாம்." அவள் குரலில் கோபம் இல்லை. அவருக்கு அதுவே அச்சமூட்டிற்று. "ஒரு வருஷம் தினமும் வாயில வெச்சவரு, அந்தக் கிழவர் செத்த மறுநாள் டக்குனு நிறுத்திட்டீங்க. அப்படித்தானே? நம்பணும் நான்."

"நிறுத்துறதுக்கு நான் ஆரம்பிக்கவே இல்லையே."

"சரி" என்றாள். மகள் சொன்ன அதே 'சரி'.

அடுத்து வந்த வாரங்களில் அவரால் படுத்துறங்க முடியாமற்போயிற்று, உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். பேசினால் இரண்டு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. கப்பல்காரரைப் பற்றி மேலும் எதையாவது சொல்லலாமா, வேறு யாரையேனும் அழைத்து வரலாமா என்று எண்ணி எண்ணிப் பார்த்தார். சாட்சி சொல்லத்தக்கவர் ஒருவர் இருந்தார், அவரோ இறந்துவிட்டார். மற்ற எல்லாரும் முகத்தை அவர் பக்கம் திருப்பினார்களேயன்றி, ஒருவரும் அவரைப் பார்த்ததில்லை.

ஒரு பிற்பகலில் அவள் வெந்நீர்த் துணியால் அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே, அவர் முகத்தைக் காணாமல் பேசினாள்.

"எனக்குக் கோவமெல்லாம் போயிருச்சுங்க. பிடிச்சது பிடிச்சாச்சு. ஆனா எங்கப்பா விட்டுட்டேன்னு சொல்லி, கடைசி மூச்சு வரைக்கும் இப்ப இல்ல இல்லன்னே சொல்லிட்டுப் போனாரு. தலையணைக்கு அடியில துண்டுச் சுருட்டு கிடக்குது, வாய் இல்லங்குது. அதுக்கப்புறம் அவரை நினைச்சாலே எனக்கு அந்தப் பொய்தான் முன்னாடி வருது, மனுஷன் வர்றதில்ல." துணியைப் பிழியும் ஓசை கேட்டது. "நீங்களும் அப்படிப் போயிராதீங்க. ஒரு தடவை ஆமான்னு சொல்லிருங்க. நான் திட்ட மாட்டேன். உங்க பக்கத்துலயே படுத்துக்குவேன்."

அவர் சன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டுச் சுவர் மட்டும் தெரிந்தது. தம்முடைய உண்மைக்கு அவளிடம் போய்ச்சேர வழியில்லை என்பதும், இல்லையென்று இனிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவள் தந்தையைத்தான் அவளுக்குக் காட்டும் என்பதும் அவருக்கு அப்போது விளங்கின.

"ஆமா" என்றார்.

முதுகின் மேலிருந்த கை அசையாமல் நின்றது.

"பிடிச்சேன்."

அவள் துணியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, சுற்றி வந்து, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அழுதாள், சிரிக்கவும் சிரித்தாள். "இதைச் சொல்றதுக்கு இத்தனை நாளா? ஏங்க, நான் என்ன புலியா?" என்றாள். பிறகு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எப்ப ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். "பாப்பா... பிறந்த வருஷம்."

"அப்பவேவா! எனக்குத் தெரியாம எங்க நின்னு பிடிப்பீங்க?"

"கிளப்புக்குப் பின்னாடி... சமையலறைப் படியில."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"திருட்டு மனுஷா" என்று அவள் அவர் விரல்களை அழுத்தினாள். அத்தனை அன்பாக அவள் அவரைத் தொட்டு நெடுங்காலம் ஆயிற்று. "நல்லா இருக்குமா அது? உண்மையைச் சொல்லுங்க."

அவருக்குத் தெரியாது. நெருப்புப் பிடித்ததும் கைமாற்றிவிட்ட ஒருவருக்கு அதற்கப்பால் இருப்பது எப்படித் தெரியும்? மூச்சு வாங்குவதுபோல் காட்டிச் சற்றுநேரம் எடுத்துக்கொண்டார்.

"முதல்ல கசக்கும்" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம்..." என்று தொடங்கிய அவர், தாம் ஒருநாளும் பிடித்திராத சுருட்டைப் பற்றி, கிடைத்த மூச்சையெல்லாம் செலவழித்து, ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து சொல்லலானார். அவள் தலையை ஆட்டி ஆட்டி, ஒரு சொல் விடாமல் நம்பிக்கொண்டிருந்தாள்.