ஏழாவது ஜாக்கெட்

கத்தரிக்கோலை இரவல் கேட்பவன் போலக் குனிந்து, "ஆறும் எடுத்துட்டேன்க்கா" என்று செக்கர் கிசுகிசுத்தபோது, தையல்காரியின் கால் மிஷினின் பெடலிலேயே நின்றுவிட்டது.

"ஏழு வச்சேன் தம்பி."

"ஆறுதான் வந்துச்சு."

"எனக்கு எண்ணத் தெரியாதா?"

அவன் திரும்பி, அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தான்.

முதலாளி நல்லவர்தான், ஆனால் காசைக் காட்டினால் கண் தானாகத் திறக்கும் என்று நம்புகிற பரம்பரை. படகில் போகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் தைக்கிற அந்தக் கூடத்தில், குறையுள்ள ஜாக்கெட்டைக் கண்டுபிடித்தால் ஒன்றுக்கு இவ்வளவு என்று செக்கருக்கு ஊக்கத்தொகை அறிவித்தார். கண் திறக்கத்தான் செய்தது. அதற்கு அகப்படத்தான் ஒரு குறையும் இல்லை. தையல்காரியின் கை அப்படி. இரண்டு வாரம் செக்கர் போணியாகாத கடைக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தான். மூன்றாம் வாரம் இருவரும் பேசி முடித்தார்கள். இடுப்பு வார் ஜாக்கெட்டோடு சேருமிடத்தில் அவள் பேருக்கு ஒரு தையல் ஓட்டிவிடுவாள். பார்த்தால் தெரியாது, பலமாக இழுத்தால் கையோடு வரும். அவன் அதைக் 'கண்டுபிடிப்பான்', அவளே திருத்தித் தைப்பாள், வருவதில் பாதிப்பாதி. முதலாளியைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை. அவரோ செக்கரின் கழுகுக் கண்ணைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த ஆறு போக மீதி இருநூற்று நாற்பது ஜாக்கெட்டும் இருபத்து நாலு பெட்டிக்குள் வைத்து ஒட்டப்பட்டுக் கிடந்தன. மூன்று மணிக்கு லாரி.

அவள் மனசு முதலில் பேரம் பேசிப் பார்த்தது. இருநூற்று நாற்பதில் ஒன்றே ஒன்று. படகு என்ன தினமுமா கவிழ்கிறது? கவிழ்ந்தாலும், அதைப் போட்டிருப்பவருக்கு நீச்சல் தெரியாமலா போகும்? பேரம் படிகிற நேரத்தில், திருத்துவதற்காக மிஷினில் கிடந்த ஜாக்கெட்டின் மேல் அவள் கை பட்டது. விரித்த உள்ளங்கைகள் இரண்டுக்குள் அதன் முதுகு மறைந்தது. வாரம் முழுக்க இந்த அளவைத்தான் தைத்திருக்கிறாள். ஆற்றைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு.

"முதலாளிகிட்ட சொல்லப்போறேன்."

"வேலை போயிடும்க்கா. ரெண்டு பேருக்குமே."

"நீ வர வேணாம். நான் சொல்லிக்கறேன்."

அவனும் வந்தான், இரண்டடி பின்னால்.

முதலாளி முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இத்தனை வருஷம் நல்லா தச்சதுக்கு நான் என்ன குடுத்தேன்?"

"சம்பளம் குடுத்தீங்க."

"அதுக்கு மேல?"

"ஒண்ணும் இல்லைங்க."

"ஆக, என் சரக்கைக் கெடுக்க நானே கூலி குடுத்திருக்கேன். என் அப்பா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்." அவர் சிரிக்கவில்லை. "உங்க வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல அது கிடைக்கட்டும்."

லாரிக்காரருக்கு போன் போட்டு நாளைக்கு வரச் சொன்னார். மறுமுனையிலிருந்து வந்த வசவு கூடம்வரை கேட்டது. பிறகு வெளியே வந்து எல்லோரையும் கூப்பிட்டார்.

"இதுல ஒரு ஜாக்கெட்ல வார் சரியில்லை. எல்லாத்தையும் பிரிச்சு இழுத்துப் பாக்கணும். கண்டுபிடிக்கறவங்களுக்கு..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான்."

"சின்னப் பிள்ளைங்க போடறதாச்சே. குடுங்க இப்படி" என்று துணி வெட்டுகிற அம்மா முதல் பெட்டியை இழுத்துக்கொண்டார்.

பதினாலாவது பெட்டியில் செக்கரின் கையோடு வந்தது வார். அவன் கொண்டுவந்து கொடுத்தான். அவள் ஊசிக்கடியில் வைத்து இரண்டு ஓட்டம், மூன்று ஓட்டம், ஆத்திரம் தீர நாலாவதும் ஓட்டினாள். நிமிர்ந்தபோது எல்லோரும் எழுந்திருப்பார்கள் என்று நினைத்தாள்.

துணி வெட்டுகிற அம்மா பதினைந்தாவது பெட்டியின் மேல் கத்தியை வைத்திருந்தார்.

"அதான் கிடைச்சிடுச்சேம்மா" என்றார் முதலாளி.

"ஒண்ணு தப்பியிருந்தா இன்னொண்ணும் தப்பியிருக்கும்ல" என்றார் அந்த அம்மா, தலையைத் தூக்காமலே.

முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒரு குட்டி ஜாக்கெட்டை மடியில் வைத்து, விலையைக் குறைக்காமல் நகரமாட்டேன் என்கிற வாடிக்கையாளர் மாதிரி வாரைப் பிடித்து இழுத்தார். அது மசியவில்லை. இன்னொரு தரம் இழுத்தார்.