கடைசியாக வருபவர் கதவைச் சாத்தவும்

ரயில் ஜன்னலைத் திறக்க யர்மிலா விடவில்லை. வெளியே வயல்கள் பொரிந்துகொண்டிருந்தன, உள்ளே நாங்கள். எதிர் ஜன்னல் ஏற்கெனவே திறந்திருப்பதால் இதையும் திறந்தால் காற்று குறுக்கே பாயும் என்பது அவள் வாதம்.

"குறுக்குக் காத்து பட்டா கழுத்து பிடிச்சுக்கும். அப்புறம் ஒரு வாரம் கோணக் கழுத்தோட யார் அலையறது?"

"வெந்து செத்த பிறகு கழுத்து நேரா இருந்து என்னடி பிரயோஜனம்?" என்றேன். இவோனா சிரித்தாள். அப்போது நானும் சிரித்தேன். இன்றைக்கு அவளோடு சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

நாங்கள் மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கோடைதோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவதொரு பழைய ஊருக்குப் போய், கோட்டையைச் சுற்றிப் பார்த்து, பீர் குடித்துவிட்டுத் திரும்புவோம். இந்த முறை கமெனோவ். ஐரோப்பாவே அனலில் கிடக்கிறது, வயதானவர்கள் வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. அது யாரோ வயதானவர்களுக்கு என்று நாங்கள் கிளம்பிவிட்டோம்.

ரயில் நகர்ந்ததுமே யர்மிலா பொட்டலத்தைப் பிரித்தாள். ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த பன்றி இறைச்சி, இரண்டு ரொட்டிகளுக்கு நடுவே. இது இல்லாமல் எங்கள் ஆட்கள் பக்கத்து ஊருக்குக்கூடப் போகமாட்டார்கள். இவோனா கழிப்பறைக்குப் போயிருந்தாள்.

"எங்கம்மாவுக்கு நான் பொரிச்ச கறின்னா உயிர்," என்றாள் யர்மிலா மென்றுகொண்டே. "கடைசியில ஆஸ்பத்திரிக்குக்கூட ஒரு துண்டு கொண்டுபோனேன். சாப்பிட முடியல பாவம். மோந்து மட்டும் பார்த்தா."

"எப்போ?"

"அந்தத் தொற்று சமயத்துலதான். இவோனாதான் சலவைக்கூடத்து வழியா உள்ளே கூட்டிட்டுப் போனா. அஞ்சே நிமிஷம். தங்கமான மனுஷி..." சட்டென்று மெல்லுவதை நிறுத்தினாள். "உனக்குத் தெரியும்னு நினைச்சேன்டி."

எனக்குத் தெரியாது. அதே வாரம், அதே வார்டில், என் அப்பாவும் கிடந்தார். கண்ணாடிக் கதவை நான் கை வலிக்கத் தட்டினேன். தலைமைச் செவிலியான இவோனா, முகமெல்லாம் மூடிக்கொண்டு வந்து, கதவைத் திறக்காமலே சொன்னாள்: "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், லிபுஷ்கா." முற்றத்தில் போய் நில், ஜன்னலில் காட்டுகிறேன் என்றாள். பனியில் நின்றேன். மூன்றாவது மாடி ஜன்னலில் அவள் என் அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கி அசைத்துக் காட்டினாள். முகம் தெரியவில்லை. அந்தக் கையும் தானாக அசையவில்லை. மறுநாள் காலையில் அவர் போய்விட்டார். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று நம்பி நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு டப்பா நிறையப் பிறை வடிவ வெண்ணிலா பிஸ்கட்டுகள் சுட்டுக் கொடுத்தேன் வேறு. என்னைப்போல ஒரு மடச்சி இருப்பாளா?

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. இவோனா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரக் கைக்குட்டையை என் பிடரியில் வைத்து, "நல்லா இருக்கா?" என்றாள். நான் சாத்திய ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கமெனோவின் சதுக்கத்தில் ஒரு நாய்கூட இல்லை. சுற்றியிருந்த பழைய வீடுகளின் வளைவுகளுக்குக் கீழே இருந்த நிழலை மதுக்கடை மேசைகள் பிடித்துக்கொண்டிருந்தன. யர்மிலா அங்கேயே உட்கார்ந்துவிடலாம் என்றாள். முதலில் கோட்டை என்றாள் இவோனா. வெப்பம் காரணமாக இரண்டு மணிச் சுற்றோடு இன்று மூடப்படும் என்று நுழைவுச்சீட்டு ஜன்னலில் ஒட்டியிருந்தார்கள். நாளை திங்கள். எங்கள் நாட்டில் திங்கட்கிழமை எந்தக் கோட்டையும் திறக்காது, பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

கைபேசிகளோடு கைப்பைகளையெல்லாம் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டினோம். சாவி யர்மிலாவிடம். பிறகு, பழைய மரத்தரை கீறாமலிருக்கச் செருப்புக்கு மேலே மாட்டிக்கொள்ளும் கம்பளிக் காலுறைகளைக் குவியலில் தேடி ஆளுக்கொரு ஜோடி போட்டுக்கொண்டோம், எப்போதும்போல யர்மிலாவுக்கு இரண்டும் இடது கால். சுற்றிக் காட்டும் அம்மாள் பெரிய சாவிக்கொத்தை ஆட்டினாள்.

"எதையும் தொடக்கூடாது. நாற்காலியில உக்காரக்கூடாது. கடைசியா வர்றவங்க கதவைச் சாத்திட்டு, எல்லாரும் வந்தாச்சுன்னு சொல்லணும். அப்பதான் நான் பூட்டுவேன். கடைசி யாரு?"

"நான்," என்றேன். சத்தியமாக அப்போது மனதில் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் நடக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அறை அறையாகக் கதவைச் சாத்தினேன், "வந்தாச்சு" என்றேன், அந்த அம்மாள் பின்னால் வந்து பூட்டினாள். கீழ்த்தள அறைகள் குளுமையாகத்தான் இருந்தன. மேலே ஏறியதும் மூச்சு முட்டியது. நூலக அறை மேற்குப் பார்த்தது, நூறு வருடமாகத் திறக்காத ஜன்னல்கள். எங்களோடு வந்த நாலைந்து பேரும் கோட்டையை ஆண்ட பிரபுவின் மூன்றாம் மனைவியைப் பற்றிக் கேட்டுவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்தார்கள். யர்மிலா எல்லாருக்கும் முன்னால், வாசலுக்கும் பீருக்கும் பக்கமாக. இவோனா மட்டும், குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் பெரிய ஓட்டு அடுப்புக்குப் பின்னால், ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"தலை சுத்துது. நீ போ, ஒரு நிமிஷத்துல வரேன்."

எழுப்பிக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போகத்தான் கிட்டே போனேன். வாயில் வேறு வந்தது.

"யர்மிலாவை உள்ளே விட்டியாமே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மறுக்கவில்லை.

"எனக்கு மட்டும் ஏண்டி இல்லை?"

"இப்பவா லிபுஷ்கா..."

"இப்பதான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "யர்மிலாகிட்ட அஞ்சு நிமிஷம்னு சொன்னா அஞ்சு நிமிஷத்துல வெளியே வந்துடுவா. நீ வரமாட்ட. அப்பாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஊரைக் கூட்டியிருப்ப. கத்துவ. என் வேலை போயிருக்கும். உன்னை எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கத்தியிருப்பேன். கட்டிப் பிடித்துக்கொண்டு விட்டிருக்கமாட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் குணத்தை ஆறாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து படித்து வைத்துக்கொண்டு, அதையே தாழ்ப்பாளாக்கி என் முகத்தில் அடித்திருக்கிறாள். அப்பா என் குரலைக் கேட்டுவிட்டாவது போயிருப்பார்.

"வரீங்களா பின்னாடி?" என்றாள் சாவிக்காரம்மாள் அடுத்த அறையிலிருந்து.

நான் வெளியே வந்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். இவோனாவும் என்னைப் பார்த்தாள். நான் செய்யப்போவது அவளுக்குப் புரிந்தது. கூப்பிட்டிருக்கலாம், ஒரே ஒரு வார்த்தை. கூப்பிடவில்லை. சாத்தினேன்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு."

சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது. படி முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு இறங்கினேன். அவள் கதவைத் தட்டவேண்டும், கை வலிக்கத் தட்டவேண்டும், இவ்வளவு காலம் கழித்து அந்தச் சத்தத்தை நான் கேட்கவேண்டும். ஒன்றுமில்லை. ஒருவேளை எழுந்து கதவுவரை நடக்க அவளால் முடியவில்லையோ என்று தோன்றியது. தோன்றியதை அதட்டி உட்கார வைத்தேன்.

"இவோனா எங்கே?" என்றாள் யர்மிலா கைப்பைகளை எடுத்துக்கொண்டே.

"சதுக்கத்துக் கழிப்பறைக்கு. நம்மளை முன்னாடி போகச் சொன்னா."

"பொறந்ததுலேர்ந்து அவளுக்கு இதே வேலை."

வளைவுகளின் கீழே மேசை கிடைத்தது. யர்மிலா கோட்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் எதிரில். மூன்றாவது நாற்காலியில் இவோனாவின் பையை வைத்தாள், பீரும் மூன்று சொல்லிவிட்டாள். மூன்றாவது குவளையின் நுரை சரசரவென்று அடங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போகட்டும், என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நான் பனியில் நின்ற அளவுக்காவது. அப்புறம் சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம்.

கோட்டையின் பெரிய கதவு மூடிய சத்தம் கேட்டது. சாவிக்காரம்மாள் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். முன்கூடையில் ஒரு தர்பூசணி. எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"சாவிக்கொத்தோட குளத்துல குதிக்கப் போறேன்," என்றாள். "செவ்வாய்க்கிழமை வரைக்கும் என்னை யாரும் தேடாதீங்க."

யர்மிலா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் நிமிர்ந்தேன். மேற்கு ஜன்னல்களில் வெயில் அடித்து எல்லாமே வெள்ளையாக இருந்தன. ஒன்றில் மட்டும் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. முகம் தெரியவில்லை. ஒரு கை மேலே எழுந்தது. தட்டவில்லை, அழைக்கவும் இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, மெதுவாக, யாரோ பிடித்து அசைப்பதுபோல அசைந்தது.

"அவ வந்து சேர்றதுக்குள்ள சூடாயிடும். வா, நாம குடிப்போம்," என்று யர்மிலா குவளையைத் தூக்கினாள். "கண்ணைப் பார்த்துக் குவளையை இடிக்கணும்டி. இல்லேன்னா ஏழு வருஷம் தரித்திரம்."

நானும் தூக்கினேன். மிதிவண்டி சதுக்கத்தைப் பாதி கடந்திருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் கூடைக்குள் சாவிகள் குலுங்கின. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

"என்னைப் பாருடி," என்றாள் யர்மிலா. "அங்கே என்ன பார்க்கிற?"

ஜன்னலில் அந்தக் கை இன்னும் எழுந்தே இருந்தது. இப்போது அசையவில்லை. யர்மிலா, குவளையைத் தூக்கியபடியே, கழுத்தைத் திருப்பத் தொடங்கினாள்.