முன்னாளின் கொண்டை

தாளை வெட்டியது சலூன்காரரின் கை. தவறு நடந்ததற்கு அதுதான் காரணம். மற்றபடி அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நூலகச் சுவரில் மாட்டுவதற்காக, முன்னாள் அமைச்சரின் பக்கவாட்டு முகத்தைக் கறுப்புத் தாளில் நிழலுருவாக வெட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். போட்டோ வேண்டாம் என்றவர் அமைச்சரேதான். "போட்டோன்னா சுருக்கத்தை எண்ணுவாங்க. கறுப்புத் தாள்ல எல்லாருக்கும் ஒரே வயசு" என்றாராம். சலூன்காரர் ஓய்வு நேரத்தில் இப்படி முகங்களை வெட்டுவது வழக்கம். முப்பது ஆண்டுகளாக அந்த முகத்துக்குச் சவரம் செய்பவரும் அவர்தான்.

அமைச்சர் பதவியை விட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் அவருக்குப் பெயரே "முன்னாள்" என்றாகிவிட்டது. அவருடைய அடையாளம், உச்சந்தலைக்குப் பின்னால் விறைத்து நிற்கும் ஒரு கொத்து முடி. சேவல் கொண்டை மாதிரி இருக்கும். எண்ணெய்க்கும் அடங்காது, சீப்புக்கும் அடங்காது. கேலிச்சித்திரம் போடுகிறவர்கள் முகத்தைக்கூட விட்டுவிட்டுக் கொண்டையை மட்டும் போடுவார்கள். பார்த்தவர்களுக்கு ஆள் யாரென்று புரிந்துவிடும். சலூன்காரருக்கோ அதைக் கண்டாலே கை அரிக்கும்.

"ஐயா, ஒரே ஒரு வெட்டு" என்று மாதம் தவறாமல் கேட்பார்.

"கை வச்சே, தொலைச்சிடுவேன்" என்று மாதம் தவறாமல் பதில் வரும்.

வியாழக்கிழமை முன்னாளை நாற்காலியில் உட்கார்த்தி, பக்கத்தில் விளக்கை வைத்து, விழுந்த நிழலைத் கறுப்புத் தாளின் வெள்ளைப் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்துகொண்டார். நூலகத்தில் படத் திறப்பு விழா சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. அன்று மதியம் கடையைச் சாத்திவிட்டு மீசைக் கத்தரியை எடுத்தார். இந்த வேலையில் கத்தரி திரும்பக் கூடாது, தாள்தான் திரும்ப வேண்டும். தாடை, உதடு, மூக்கு, நெற்றி என்று இரண்டு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். உச்சந்தலையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து மனைவி, "என்னங்க, டீ ஆறுது" என்றாள். இவர் திரும்பிப் பார்த்தார். கை தன் பாட்டுக்குப் போயிற்று.

சரக்!

வெட்டிய கையோடு, பழக்கதோஷத்தில், முடி தட்டும் தூரிகையை எடுத்துத் தாளின் பிடரியைத் தட்டியும் விட்டார். அப்புறம்தான் கீழே கிடந்த கொண்டை கண்ணில் பட்டது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "முப்பது வருஷ ஆசையைத் தீத்துக்கிட்டீங்களா?"

"எனக்கு உயிரே போகுது, உனக்குக் கேலி."

"பசை போட்டு ஒட்டுங்க."

"ஒட்டினா கோடு தெரியும். ஐயா விக்கு வச்சிருக்காருன்னு ஊரே பேசும்."

"அப்ப புதுசா வெட்டுங்க."

"மணியைப் பாரு. மூணே முக்கால்."

முப்பது ஆண்டுகளாகக் கத்திக்குக் கீழே நம்பிக் கழுத்தைக் கொடுத்த மனிதர். இனி இந்தப் படி ஏறுவாரா? சலூன்காரரின் டீ ஆறியே போயிற்று.

நான்கு மணிக்கு முன்னாள் சவரத்துக்கு வந்துவிட்டார், சலித்துக்கொண்டே.

"வழியில மூணு பேர் நிறுத்திட்டாங்கய்யா. ஒருத்தன் மருமகனை மாத்தித் தாங்கன்றான்."

"மருமகனையேவாங்க?"

"வேலை பாக்குற ஊரைய்யா! நான் இப்ப பதவியில இல்லைப்பான்னா, என்ன ஒரு அடக்கம்னு கையெடுத்துக் கும்பிடுறான்." அப்போதுதான் மேஜையில் இருந்த படத்தைப் பார்த்தார். "இது யாரு? பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கான்."

சலூன்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவிதான் சொன்னாள்: "நீங்கதாங்கய்யா. இவருக்குக் கை தவறிடுச்சு."

முன்னாள் படத்தைத் தூக்கிக் கன்னத்தோடு வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"ஏம்மா, இப்படி ஒருத்தன் தெருவுல போனா, மனு குடுப்பாங்களா?"

"யாருங்க குடுப்பாங்க? கொஞ்சம் தள்ளி நடங்கன்னுதான் சொல்லுவாங்க."

"நெஜமாவா?" முன்னாளின் முகம் மலர்ந்தது. நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டார். "யோவ், படத்தை மாத்தத்தான் நேரமில்லை. என்னை மாத்து."

"ஐயா... அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"எனக்கென்னய்யா வருத்தம்? கட்சிதான் விடலை. தேர்தல் சின்னத்தை மறந்தாலும் ஜனங்க இதை மறக்க மாட்டாங்கன்னாங்க. தலையணையில சாஞ்சா குத்துது. வெட்டுய்யா!"

ஆசைப்பட்ட வேலைதான், ஆனால் இப்போது சலூன்காரர் கத்தரியை இரண்டு முறை எடுத்து இரண்டு முறை கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொள்ளாத குறையாக ஒரே வெட்டில் முடித்தார். முன்னாள் பின்னந்தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். "அட, வழவழன்னு இருக்கே!"

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நூலக வாசலில் கூட்டம் கூடியிருந்தது. படத்தை ஏந்தி வந்த சலூன்காரரைக் காவலாளி உள்ளே விட்டார். பின்னால் வந்தவரைக் கை நீட்டித் தடுத்தார்.

"பெரியவரே, ஓரமா நில்லுங்க. ஐயா வர்ற நேரம்."

"அப்படியா? சரிப்பா" என்று முன்னாள் பணிவாக ஒதுங்கினார்.

உள்ளே நூலகர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுப் பதறினார். "கொண்டை எங்கய்யா?"

"அவரும் எடுத்துட்டாருங்க. இப்ப அச்சு அசல் இதுதான்."

"அவர் எங்க? நேரமாச்சே!"

சலூன்காரர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். "பத்து நிமிஷம் விட்டுடுங்க சார். சந்தோஷமா இருக்காரு."

வெளியே கூட்டத்தோடு கூட்டமாக நின்று, பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, முன்னாளும் எக்கி எக்கிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.