கேட்காமல் விட்ட வள்ளம்

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து சிறிது நேரத்தில் கோயில் மூப்பர் குருசுமுத்து எங்கள் ஒழுங்கைக்குள் வந்தார். பின்னால் கோயிற் சபைப் பொடியன் பிரவீனன் கொப்பியும் பேனையுமாக வந்தான். அந்தோனியார் பெருநாளுக்குப் பதினெட்டு நாட்கள் இருந்தன. வருடந்தோறும் இந்த நாட்களில் வீடு வீடாக வந்து கோயிற்பாடு கேட்பார்கள். பெருநாளுக்கு முன் ஏதாவது ஒரு நாள் ஒரு வள்ளம் பிடிக்கிற மீன் முழுவதையும் கோயிலுக்குக் கொடுப்பதுதான் கோயிற்பாடு. எந்த வள்ளம், எந்த நாள் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போவார்கள்.

அடுத்த வீட்டுப் படலையில் ஞானசவுந்தரியின் குரல் கேட்டது.

"போன முறை எங்கடை மீனை வித்துத்தானே மைக் வாங்கினனீங்கள்? அது இப்பவும் கரகரக்குது. இந்த முறை மீனைத் தாறன், அந்த மைக்கை எனக்குத் தாங்கோ."

"உமக்கு என்னத்துக்கு மைக்? உம்மடை சத்தம் அது இல்லாமலே வேலணை மட்டுக்கும் கேக்குமே" என்றார் மூப்பர்.

பிரவீனன் சிரித்தான். பிறகு அவர்கள் எங்கள் படலையைத் தாண்டி நடந்தார்கள். மூப்பர் நேரே பார்த்துக்கொண்டு போனார். பிரவீனன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனான்.

நான்தான் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தேன். பத்து நாட்களுக்கு முன் சந்தை வாசலில் மூப்பரைக் கண்டு, இந்த முறை எங்களிடம் கேட்க வேண்டாம், என் மனைவி மரியநாயகிக்கும் தெரிய வேண்டாம் என்று சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. என் தோளில் கை வைத்தார். அந்தக் கையின் பாரம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

வள்ளம் மகன் மிரோஜனுடையது. கொப்பியில் இருப்பதும் அவனுடைய பெயர். ஐப்பசியில் மண்கும்பான் வளைவில் அவனுடைய மோட்டார் சைக்கிளை மண் ஏற்றிய டிப்பர் லொறி ஒன்று அடித்தது. அதற்குப் பிறகு வள்ளம் கரையில் கிடக்கிறது. எஞ்சினைக் கழற்றி வந்து அவனுடைய அறையில் வைத்துப் படங்குத் துணியால் மூடிவிட்டேன். என் பழைய வள்ளத்தை முன்பே விற்றுவிட்டேன், இப்போது நான் கடலுக்குப் போவதில்லை. அவனுடைய செத்தவீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. பசி வந்தது. முதலில் அது வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கமும் போய்விட்டது. ஏழு மாதமாக அப்படியே இருக்கிறேன்.

மரியநாயகி குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். என்னைப் பார்க்காமல் படலைக்குப் போனாள்.

"குருசுமுத்தண்ணை!"

அவர்கள் நின்றார்கள்.

"எங்கடை வீடு எங்கை இருக்கெண்டு மறந்து போச்சோ?"

"இல்லைத் தங்கச்சி. இந்த முறை உங்களிட்டைக் கேக்கிறேல்லை எண்டு சபையிலை முடிவெடுத்தது" என்றார் மூப்பர். அவர் பொய் சொல்லிப் பழகாதவர். சொல்லும்போது கை சட்டைப் பொத்தானைத் தேடியது.

"ஆர் முடிவெடுத்தது? டேய் பிரவீனன், நீயும் சபையிலை இருக்கிறாய்தானே. என்ரை பிள்ளையோடை ஒரு கோப்பையிலை திண்டனீ. நீயும் கையைத் தூக்கினனியோ?"

பிரவீனன் கொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டான். "நான் எழுதுறது மட்டும்தான், மாமி."

"அப்ப எழுது."

மூப்பர் என்னைப் பார்த்தார். நான் கதிரையில் இருந்தேன். எழும்பியிருக்கலாம். எழும்பவில்லை. "பங்குச் சுவாமியோடை கதையுங்கோ தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

பின்னேரம் அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். "நீங்களும் வாங்கோ" என்றாள். போனேன்.

பங்குச் சுவாமி தான் தங்கும் அறைவீட்டு முற்றத்தில் குரோட்டன்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மன்னார்ப் பக்கத்து ஆள். வந்து ஒரு வருடம் ஆகவில்லை. எங்களைக் கண்டதும் குழாயை நிலத்தில் போட்டுவிட்டுக் கதிரை எடுக்கப் போனார். மரியநாயகி கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டாள்.

"சுவாமி, எங்களிட்டை ஏன் கோயிற்பாடு கேக்கேல்லை?"

"எனக்கு இந்த வீடு வீடாய்க் கேட்டுத் திரியிற வேலையே விருப்பமில்லை அம்மா. உண்டியல் இருக்கு. மனமுள்ளவை போடட்டும். இல்லாதவையிட்டைப் போய்க் கேக்கிறதும், கஷ்டத்திலை இருக்கிறவையிட்டைக் கேக்கிறதும் கோயிலுக்கு அழகில்லை."

"பிரான்சிலையிருந்து வந்தவையிட்டைப் போன மாதம் மைக்கிலை கேட்டனீங்கள்."

"அவையளுக்கு வசதி இருக்கு."

"மூண்டு கிழமை நிண்டிட்டுப் போற ஆக்களிட்டைக் கேக்கலாம். இஞ்சை ஞானஸ்நானம் எடுத்து, இஞ்சையே கலியாணம் முடிச்சு, பிள்ளையையும் இஞ்சையே தாட்ட எங்களிட்டைக் கேக்கேலாது. அப்ப இனி நாங்கள் ஆர் சுவாமி? கும்பிட வாற ஆக்களோ?"

சுவாமிக்கு முகம் கறுத்துவிட்டது. நல்ல மனிதர். நல்லதைத்தான் செய்ததாக நினைத்திருந்தார்.

"இது நாங்களாய் எடுத்த முடிவில்லை அம்மா. ஐயாதான் கேக்க வேண்டாமெண்டு மூப்பரிட்டைச் சொன்னவராம்" என்றார்.

நிலத்தில் கிடந்த குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது என் செருப்புக்குக் கீழே வந்தது.

"ஓமோ?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"ஓம்."

"ஏன்?"

என்னிடம் மறுமொழி இருந்தது. மூப்பர் கொப்பியை விரித்து 'மிரோஜன்' என்று வாசிப்பார். வாசித்துவிட்டு, ஆர் போறது என்று கேட்பார். இரண்டும் எனக்கு ஏலாது. இவ்வளவுதான். ஆனால் வாய் திறக்கவில்லை. அவள் சுவாமியின் பக்கம் திரும்பினாள்.

"எழுதச் சொல்லுங்கோ. மிரோஜன்ரை வள்ளம். சனிக்கிழமைப் பாடு."

"ஆர் அம்மா கடலுக்குப் போறது?"

"அது எங்கடை வீட்டுப் பாடு சுவாமி. நீங்கள் கேட்டாலே காணும்."

திரும்பி வரும்போது அவள் எனக்குப் பத்துப் பதினைந்து அடி முன்னால் நடந்தாள்.

அதற்குப் பிறகு ஐந்து நாட்கள் அவள் என்னோடு கதைக்கவில்லை. சோறு நேரத்துக்கு வந்தது. தட்டை வைத்து மூடிவிட்டுப் போய்விடுவாள். நான் சாப்பிட்டுக் கழுவி வைப்பேன். நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. ஆனால் இது நான் பழகிய மௌனம் இல்லை.

கோயில் காசு கேட்பதைப் பற்றி நானே பல தடவை குறை சொல்லியிருக்கிறேன். கடவுளுக்கு மீன் எதற்கு என்று இளந்தாரியாக இருந்தபோது கரையில் நின்று கேட்டு, என் தகப்பனிடம் அடியும் வாங்கினேன். மிரோஜன் வள்ளம் வாங்கிய கிழமை, மூப்பர் வருமுன்பே தானாகப் போய்த் தன் பெயரைக் கொப்பியில் எழுதிவித்துவிட்டு வந்தான். கேட்கமுன் கொடுக்கிற முதல் விசரனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றேன். அவன் சிரித்தான். "அப்பா, எழுதாட்டி நான் இன்னும் உங்கடை வள்ளத்திலை ஏறுற ஆளெண்டுதான் நினைப்பினம்" என்றான். மரியநாயகி அன்றைக்குப் பாயாசம் காய்ச்சினாள். கொப்பியில் அவன் பெயர் இருந்தது மூன்று பெருநாட்கள். அதை நான் சந்தை வாசலில் நின்று இரண்டு வசனத்தில் எடுத்துவிட்டேன். இது எனக்கு விளங்கியது. ஆனால் இன்னொரு வீட்டில் நடந்ததை விளங்கிக்கொள்வது போலத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரவீனன் வந்தான். கூடவே இரண்டு பொடியள் வந்து படலையில் நின்றார்கள். மரியநாயகிதான் அவர்களோடு பேசி ஒழுங்கு செய்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"மாமா, எஞ்சினை எடுக்கட்டோ?"

"எடு."

அறைக்குள் போனவன் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது எஞ்சின் தோளில் இருந்தது. கண் சிவந்திருந்தது. அவனைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அவர்கள் போன பிறகு நானும் கரைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. வீட்டில் ஒருவரும் இல்லை என்பதால் இருக்கலாம்.

ஏழு மாதம் கிடந்ததில் வள்ளத்தின் அடி மண்ணில் இறங்கியிருந்தது. மரியநாயகி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்முனையான அணியத்துப் பக்கம் நின்றாள். அந்தக் கரையில் வேறு பெண்கள் இல்லை. வலை காயப்போட்ட இடத்தில் நின்ற ஆட்கள் பார்த்தும் பார்க்காதது போல நின்றார்கள். பிரவீனனும் மற்ற இருவரும் தள்ளினார்கள். வள்ளம் அசையவில்லை. அடியில் படுத்திருந்த நாய் மட்டும் எழும்பிப் போனது.

"போன வருசம் மிரோஜன் தனிய நிண்டு தள்ளினவன்" என்றான் ஒருவன்.

"பொய் சொல்லாதை. அவனும் எங்களைக் கூப்பிட்டுத்தான் தள்ளினவன். கூப்பிட்டுப்போட்டு ஒரு சோடா கூட வாங்கித் தாறேல்லை" என்றான் பிரவீனன்.

மகனின் பெயரை இவ்வளவு சாதாரணமாக ஒருவர் சொல்லி நான் கேட்டு ஏழு மாதம்.

மரியநாயகி குனிந்து இரண்டு கையையும் வள்ளத்தில் வைத்தாள். பிரவீனன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"மாமா, என்ன சும்மா நிண்டு பாக்கிறியள்? வாங்கோ, பாரமாய்க் கிடக்கு."

போனேன். அவளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அங்கே நிற்காமல் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தேன். பிரவீனன் 'ஏலேலோ' என்று ஏலம் போட்டான். மூன்றாம் தரம் அடிமண் விட்டது. பிறகு அது தானாகவே போவது போலப் போனது. அவள் தண்ணீர் விளிம்பில் கையை எடுத்துவிட்டாள். நான் எடுக்கவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தபோதுதான் விட்டேன். பொடியள் ஏறினார்கள். எஞ்சின் நாலாம் இழுப்பில் பற்றியது.

வள்ளம் கடலுக்குள் வெட்டிய வாய்க்காலைத் தாண்டும்வரை தண்ணீரில் நின்றேன். உள்ளே ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். தண்ணீர் சூடாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

கரையேறியபோது அவள் வள்ளம் கிடந்த பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சேட்டெல்லாம் நனைஞ்சு போச்சு" என்றாள்.

"ஓம்."

"வீட்டை போய் மாத்துங்கோ."

"வள்ளம் வரட்டும்."

"அது நாளைக்கு விடியத்தான் வரும்."

"தெரியும்" என்றேன்.

அவள் கொஞ்சம் தள்ளி மணலில் இருந்தாள். எதற்காக மூப்பரிடம் அப்படிச் சொன்னேன் என்று அவள் திரும்பவும் கேட்டால் இந்த முறை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. வெயில் தாழும்வரை இருந்தோம். பிறகு அவள் எழும்பி மணலைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

படலைக்குக் கிட்ட வந்தபோது நானாகவே சொல்லத் தொடங்கினேன்.