வடம் விட்ட கை

ஒரு கை விட்டுவிட்டது.

சாந்தம்மாள் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. அக்குள் வழியே நுழைந்து, முதுகைக் குறுக்கே சுற்றி, தோளில் ஏறி இறங்கியிருந்த வடம் ஒரே ஒரு நொடி இளகியது. முதுகுதான் அதைச் சொன்னது. அடுத்த நொடி, மூணாறு தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷன் அணியின் ஏழு பெண்களும் பெருமாட்டி மைதானத்து மண்ணில் குதிகாலால் கோடு கிழித்துக்கொண்டே நான்கு மீட்டர் இழுபட்டுப் போனார்கள்.

விசில்.

"ரெண்டாம் வலி, பெருமாட்டி! ஒண்ணுக்கு ஒண்ணு! அஞ்சு மினிட்டு ரெஸ்ட், அம்மச்சிமாரே!" இரண்டாம் இழுவையில் சொந்த ஊர் அணிக்கு வெற்றி என்று மைக் அலறியது. தென்னந்தோப்புப் பக்கம் நின்ற உள்ளூர்க் கூட்டம் குதித்தது. யாரோ தகர டப்பாவைத் தட்டினார்கள்.

சாந்தம்மாள் மண்ணிலிருந்து எழுந்தாள். வயது அறுபத்தாறு. இடது முட்டி எழும்போது ஒரு சத்தம் போட்டது. வர்ற பதினெட்டாம் தேதி அந்த முட்டிக்கு ஆப்ரேஷன். அதற்கப்புறம் படி ஏறலாம், கோயிலுக்குப் போகலாம், வடத்தை மட்டும் தொடக்கூடாது என்று டாக்டர் முடித்துவிட்டார். ஆக இதுதான் கடைசிப் போட்டி. இன்னும் ஐந்து நிமிடத்தில் வரப்போவது கடைசி இழுவை.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஓணத்துக்கு எஸ்டேட்டில் நடந்த கயிறு இழுக்கும் போட்டியான வடம்வலியில், ஆள் குறைந்த அணியைக் கேலி செய்த ஆபீஸ் கிளார்க்குகளை எதிர்த்து விளையாட்டாகத்தான் இறங்கினார்கள். ஏழு பேரும் தேயிலைக் கொழுந்து பறித்து ரிட்டையர் ஆனவர்கள். முப்பத்தைந்து வருடம் முதுகில் கொழுந்து மூட்டையோடு மலை ஏறி இறங்கிய கால்கள். கிளார்க்குகள் பத்தே நொடியில் கோட்டைத் தாண்டி வந்து விழுந்தார்கள். அப்புறம் பதினோரு போட்டி, பதினோரு கோப்பை. கைக்கு வராதது ஒன்றுதான்: மூத்தோருக்கான மாநிலக் கோப்பை. முதல் வருடம் மூன்றாவது இடம். போன வருடம் இரண்டாவது. இந்த வருடம் இறுதிப் போட்டி, ஒன்றுக்கு ஒன்று.

அதில் ஒரு கை விட்டுவிட்டது.

"ஏத்தா, காலையில தின்ன புட்டு எல்லாம் எங்க போச்சு?" கோச் பாண்டீஸ்வரன் ஓடி வந்தார். ரிட்டையர்டு லாரி டிரைவர். பதற்றம் வந்தால் கேலி வரும் அவருக்கு. "நல்லாத்தான இழுத்திய? திடீர்னு அவுகளுக்கு வழி விட்டு நின்னுட்டிய! வெயிலா?"

"வெயில்தான்" என்றாள் சாந்தம்மாள்.

வெயில் இல்லை. மூணாறு குளிரில் இருந்து வந்தவர்களுக்குப் பாலக்காட்டு வெயில் அடுப்பு மாதிரி இருந்தது நிஜம். ஆனால் வெயிலில் தளர்ந்த கை கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். இது நழுவவில்லை. வேண்டுமென்றே திறந்தது.

பையிலிருந்து பிசின் பொடி டப்பாவை எடுத்தாள்.

வடம் வழுக்காமல் இருக்கக் கையில் பூசும் பொடி. ஒவ்வொரு இழுவைக்கும் முன்னால் பழசைத் துடைத்துவிட்டுப் புதுசாகப் பூசுவது கேப்டன் வேலை. போட்டி முடிந்தால் எல்லார் உள்ளங்கைக்கும் தேங்காய் எண்ணெய் தேய்த்து விடுவதும் அவள்தான். இதெல்லாம் வழக்கம். யாருக்கும் சந்தேகம் வராது.

வேப்பமர நிழலில் ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரை பிடித்திருந்த கையில் வடம் உரசிப் போயிருக்கும். பிசினில் நார் ஒட்டியிருக்கும். விட்ட கை?

முதலில் ஆன்மேரி. அவள்மேல்தான் சந்தேகம் அதிகம். பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவள்.

"கையக் காட்டு."

ஆன்மேரி காட்டினாள். உள்ளங்கை தீயில் வாட்டினது மாதிரி சிவந்திருந்தது. பிசினோடு சேர்ந்து வடத்து நார் அப்பியிருந்தது. "யேசுவே, எரியுதுக்கா. கொஞ்சம் பாத்துப் பூசுங்க."

இவள் இல்லை.

அடுத்தது சந்தனம். மோதிர விரலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. "எம்புருசன் கூட இந்தக் கையை இப்பிடி அழுத்திப் புடிச்சதில்ல" என்று சிரித்தாள். இவளும் இல்லை. அடுத்தவள், அதற்கடுத்தவள், அதற்கடுத்தவள். எல்லாம் நார், எல்லாம் சிவப்பு.

மீதி ஒருத்தி.

சாந்தம்மாளுக்கு அவள் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. செல்வலட்சுமி. அறுபத்திரண்டு. எஸ்டேட் வரிசை வீடுகளான ஒரே லயத்தில் பக்கத்து வீடு. நடுச்சுவரில் ஒரு தட்டு தட்டினால் காப்பி வரும், இரண்டு தட்டினால் ஆளே வரும். வடத்தில் ஆறாவது இடம், சாந்தம்மாளுக்கு நேர் முன்னால். மூன்று வருடமாக ஒவ்வொரு இழுவையிலும் சாந்தம்மாள் பார்த்துக்கொண்டே இழுத்தது அவள் பின்கழுத்தைத்தான்.

"செல்வி. கையக் காட்டு."

"நானே பூசிக்கிடுதேன்க்கா. டப்பாவக் குடுங்க."

"காட்டுட்டி."

விரித்தாள். பொடி அப்படியே இருந்தது. வெள்ளையாக, காலையில் போட்ட கோலம் மாதிரி, கலையாமல். ஒரு நார் இல்லை. விரலை வளையல் மாதிரி வளைத்து வைத்துக்கொண்டு, வடத்தை அக்குளில் மட்டும் இடுக்கி, கடைசியில் அதையும் விட்டிருக்கிறாள். தோள் சாய்ந்திருந்தது, முழங்கை மடங்கியிருந்தது. பின்னால் நின்று பார்த்தவளுக்கு இழுக்கிற மாதிரியே தெரிந்தது.

மூன்று நிமிடம் பாக்கி.

சாந்தம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து மரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனாள்.

"எதுக்குட்டி?"

செல்வலட்சுமி எதிர் அணியைப் பார்த்தாள். அங்கே முதல் ஆளாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் சரஸ்வதியம்மாள். பெருமாட்டியில் தோப்பும் வயலுமாக இருக்கிற வீடு. அந்த வீட்டு மகன் அருள்குமாருக்குத்தான் செல்வலட்சுமி தன் மகள் செல்வப்பிரியாவைக் கட்டிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது.

"சம்பந்தியம்மாவ அவுக ஊர்லயே, அவுக ஜனத்துக்கு முன்னாலயே மண்ணுல இழுத்துப் போட்டா, எம்புள்ள நாளைக்கு அந்த வீட்டு அடுப்படியில எப்பிடிக்கா நிப்பா?" என்றாள் செல்வலட்சுமி. "போன வாரம் மாப்ள போன்ல சொன்னாக. எங்கம்மாவத் தோக்கடிச்சீங்கன்னா ஒங்க பொண்ணப் பொட்டியோட மலைக்கே திருப்பி அனுப்பிருவோம் அத்தைன்னு."

"சிரிச்சிக்கிட்டுச் சொன்னாகளா, சிரிக்காமச் சொன்னாகளா?"

"சிரிச்சிக்கிட்டுத்தான். ஆனா பொண்ணு குடுத்தவ அதச் சிரிச்சிட்டு விட முடியுமாக்கா?"

"சம்பந்தியம்மா கேட்டாகளா?"

"இல்ல."

"பிரியா கேட்டாளா?"

"இல்லக்கா."

சாந்தம்மாள் அவள் மணிக்கட்டை விட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "எம்முட்டிக்கு என்னைக்கு ஆப்ரேஷன்?"

"பதினெட்டு."

"அப்ப இது எனக்குக் கடைசின்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நிமிடம்.

மாற்று ஆள் கிடையாது. உபரியாக வந்தவள் வெயில் தாங்காமல் முதலுதவிக் கூடாரத்தில் குளுக்கோஸ் குடித்துக்கொண்டிருந்தாள். ஆறு பேரோடு இறங்கினால் தோல்வி நிச்சயம். செல்வலட்சுமி நின்றே ஆகவேண்டும். நின்றால் அவள் கை மறுபடி திறக்கும்.

திறக்க முடியாத இடம் ஒன்று உண்டு.

"செல்வி, நீ கடைசியில நில்லு. நான் ஆறுல நிக்கேன்."

செல்வலட்சுமியின் முகம் வெளுத்தது. கடைசி ஆளுக்கு வடம் கையில் மட்டும் இல்லை. முதுகைச் சுற்றியிருக்கும். முடிச்சுப் போடக்கூடாது என்பது விதி, ஆனால் ஓட்டத்தில் கழற்றவும் முடியாது. கையை விட்டாலும் வடம் விடாது. காலை ஊன்றாமல் இருந்தால் முகம் குப்புற மண்ணில் தேய்ந்துகொண்டே போக வேண்டியதுதான்.

"யக்கா, வேண்டாம்க்கா..."

"வடத்தப் போட்டுக்கோ."

பாண்டீஸ்வரன் பதறினார். "யாத்தா, மூணு வருசமா நங்கூரம் நீதான! பைனல்ல வந்து எடத்த மாத்துதிய?"

"முட்டி வலிக்கி" என்றாள் சாந்தம்மாள். நடுவரிடமும் அதையே சொன்னாள். தன் கையாலேயே வடத்தைச் செல்வலட்சுமியின் அக்குளில் நுழைத்து, முதுகில் சுற்றி, தோளில் ஏற்றினாள். தீபாவளிக்குப் புதுச்சேலை உடுத்திவிட்ட அதே கை. இரண்டு பேரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவில்லை.

"வடம் எடுக்கூ!"

பதினான்கு பேரும் குனிந்தார்கள்.

"வலிச்சோ!"

முதல் இழுப்பிலேயே ஒரு அடி போனது. பெருமாட்டிக்காரிகளுக்கு வயல் வேலை பார்த்த உடம்பு, சொந்த மண் வேறு. சாந்தம்மாள் முட்டிக்குள் யாரோ ஆணி அடித்தார்கள். இன்னொரு அடி. ஆன்மேரி முனகினாள். வடத்தின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி பெருமாட்டிப் பக்கம் நகர்ந்தது. ஒரு மீட்டர். ஒன்றரை.

இத்தனை வருடமும் கடைசியில் நின்றவளுக்குப் பின்னால் யாரும் இருந்ததில்லை. இப்போது பின்னால் ஒருத்தி மூச்சு விடுகிறாள். என்ன செய்கிறாள் என்று திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் பிடி போய்விடும். மூச்சைத்தான் கேட்க முடிந்தது. அது அழுகையா, முக்கலா?

இரண்டு மீட்டர்.

"தாழ்ந்து நில்லுங்க! இடுப்ப இறக்கு!" பாண்டீஸ்வரன் தரையோடு தரையாகப் படுத்துக் கத்தினார். "மூட்டையோட ஏத்தம் ஏறுறதா நெனச்சுக்க! ஒண்ணு! ரெண்டு!"

வடம் நின்றது.

பின்னால் இருந்து ஒரு கனம் வந்து வடத்தில் உட்கார்ந்தது. சிவப்புத் துணி நடுங்கியது. திரும்பியது. ஒரு சாண், ஒரு முழம். ஏழு ஜோடிக் கால்களும் ஒரே தாளத்தில் பின்னால் போயின. பெருமாட்டி வரிசையில் யாரோ ஒருத்தியின் கால் வழுக்கியது. அப்புறம் வடம் ஓடி வந்தது.

விசில்.

"மேல் டிவிஷன்! மாநில சேம்பியன்!"

ஆன்மேரி மண்ணில் மண்டியிட்டாள். சந்தனம் குலவை போட்டாள். பாண்டீஸ்வரன் யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் தண்ணீர்க் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சாந்தம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். முகத்தில் சிரிப்பு வரவில்லை.

எதிர்ப்பக்கம் இருந்து சரஸ்வதியம்மாள் நடந்து வந்தாள். மண் அப்பிய முகம். பின்னாலேயே செல்வப்பிரியா ஓடி வந்தாள். சரஸ்வதியம்மாள் நேராகச் செல்வலட்சுமியிடம் போனாள்.

"ஏனுங்க சம்பந்தி, உங்களை எதுக்குங்க கடைசியில கொண்டுபோய்க் கட்டுனாங்க?"

"அக்காவுக்கு முட்டி..."

"முட்டியாவது கிட்டியாவது. நான் மொத ஆளுங்க. எதுக்கால இருந்து வர்ற கனம் பூராவும் என்ற கைக்குத்தான் மொதல்ல தெரியும். ரெண்டாவது இழுவையில வடம் பஞ்சு மாதிரி வந்துச்சு. அப்பவே மனசுக்குள்ள சுருக்குன்னுச்சு. நம்ம பலம்தான்னு நெனச்சு ஏமாந்துட்டனுங்க." சட்டென்று நிறுத்தினாள். "எனக்குப் பிச்சை போட்டீங்களா?"

செல்வலட்சுமி தலை குனிந்தாள். "மாப்ள போன்ல சொன்னாகளே..."

"அம்மா!" செல்வப்பிரியா கத்தியே விட்டாள். "அவரு கேலிக்குச் சொன்னாரும்மா! பொட்டியோட அனுப்பிருவேன்னு இங்க டெய்லி சொல்லுவாரு, நானும் பொட்டிய எடுத்து வெப்பேன், அத்தை சிரிப்பாங்க. எங்கம்மா தோக்கவே மாட்டாங்கன்னு இந்தத் தெரு பூராச் சொல்லி வெச்சிருக்கேன். நீ போயி..." முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு அறுவத்தேழு வயசாகுதுங்க சம்பந்தி." சரஸ்வதியம்மாளின் குரல் தணிந்திருந்தது. "சின்னதுல ஒரு ஓட்டப்பந்தயம்கூட ஓட உட்டதில்ல எங்கூட்டுல. ரெண்டாவது இழுவை முடிஞ்சு நின்ன அந்த அஞ்சு நிமிசம், நானும் ஒண்ணு ஜெயிச்சுட்டன்னு நின்னனுங்க. சனத்தைப் பாத்து ரெண்டு பக்கமும் கையெடுத்துக் கும்புட்டேன். இனி அதை எங்க கொண்டுபோய் வெக்கிறது?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். செல்வப்பிரியா அம்மாவைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். மாமியாரின் பின்னால் போனாள்.

கோப்பையை வாங்க சாந்தம்மாளை மேடைக்கு இரண்டு பேர் தூக்கிப் போனார்கள். கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். போட்டோக்காரர் "சிரிங்க அம்மச்சி" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

பஸ் கிளம்பியதும் சாந்தம்மாள் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் திறந்தாள். வழக்கம்போல முன் சீட்டில் இருந்து ஆரம்பித்தாள். ஆன்மேரி கைக்குத் தேய்த்தாள், சந்தனம் கைக்குத் தேய்த்தாள். கம்பியைப் பிடித்துப் பிடித்து நொண்டிக்கொண்டே கடைசி சீட்டுக்கு வந்தாள்.

செல்வலட்சுமி தனியாக உட்கார்ந்திருந்தாள். கேட்காமலே இரண்டு கைகளையும் நீட்டினாள். இப்போது அவை சிவந்திருந்தன. தோல் உரிந்து, நார் அப்பி, மற்ற ஆறு பேரின் கையைவிட மோசமாக.

"மூணாவது இழுவையில நான் இழுத்தேன்க்கா. நெசமா இழுத்தேன். பாருங்க."

சாந்தம்மாள் பார்த்தாள். இழுத்தாளா? முதுகில் சுற்றியிருந்த வடம் இழுக்க வைத்ததா? மண்ணில் முகம் தேயக்கூடாதே என்று ஊன்றிய காலா? வடம் சுற்றாமல் விட்டிருந்தால் தெரிந்திருக்கும். சுற்றியது இவள்தான். இனி தெரியவே போவதில்லை.

"சொல்லுங்கக்கா. நம்புதியளா?"

சாந்தம்மாள் பாட்டிலை மூடினாள். மூடியை நன்றாகத் திருகினாள். நீட்டியிருந்த கைகளுக்குப் பக்கத்தில், சீட்டின்மேல் வைத்தாள்.

"தேச்சுக்கோ" என்றாள்.

திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன் சீட்டுக்கு நடந்தாள்.