சண்முகவடிவின் கழுத்து மைக்

"குரல் பொருந்தவில்லை" என்று பூரணியின் கழுத்தில் தொங்கிய கருவி மூன்றாவது முறையும் அறிவித்தது. அவளுடைய கைகள் இரண்டும் தேயிலைக் கொழுந்தின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. வட்ட வடிவமும் நடுவே சிறு விளக்கும் கொண்ட அக்கருவியைக் கையால் தொடவேண்டியதில்லை. வாயால் சொன்னாலே, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் போனுக்கு அழைப்புப் போய்விடும். வட்டகொடைக்கு மேலேயுள்ள அத்தோட்டத்தில் சென்ற ஆண்டு இரு முறை குளவிகள் கலைந்து பெண்களைக் கொட்டியதன் பின்னர், நிருவாகம் ஆறு பெண்களுக்கு அதனை வழங்கியது. அறுவரும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று தத்தம் குரலைப் பதிவு செய்தனர். பூரணி அந்த அறுவரில் ஒருத்தி அல்லள்.

அறுவரில் ஒருத்தியான சண்முகவடிவு காய்ச்சலில் இறந்து முப்பது நாள் கழிந்ததும், அவள் கொழுந்து பறித்த நிரையும் அவள் அணிந்த மைக்கும் பூரணிக்கு வந்து சேர்ந்தன. தோட்டத்தில் ஒருத்தியின் இடத்துக்கு இன்னொருத்தி வருவது அவ்வாறுதான். குரலை மாற்றிப் பதியக் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும் என்று கண்டாக்கு றிச்சர்ட் கூறியிருந்தார். இரண்டு மாதமாகியும் எவரும் வரவில்லை. பூரணிக்கோ காத்திருக்க இயலாத காரணம் ஒன்று இருந்தது. சென்ற ஆண்டு கொட்டுப்பட்டு, தொண்டை வீங்கி, மூச்சடைத்து, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தவள் அவள். இனியொரு தடவை கொட்டினால் அரை மணி நேரத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார்.

"செத்தவ சொன்னாத்தான் கேக்குமாம், உசுரோட இருக்கிறவ சொன்னா கேக்காதாம்" என்றாள் அடுத்த நிரையிலிருந்த அழகம்மா. "எங்கூட்டு மனுசன் மாதிரியே இருக்குடி."

பூரணி சிரிக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள் சண்முகவடிவின் பக்கத்து நிரையில் நின்றவள் அவள். கரகரத்த அக்குரல் உச்சத்தில் தொடங்கி, சொல்லின் நடுவில் உடைந்து, இறுதியில் தாழ்ந்துவிடும். அவள் மோவாயைக் கழுத்தோடு ஒட்டவைத்து, மூச்சைச் சற்று அடக்கி, அவ்வாறே சொல்லிப் பார்த்தாள்.

"மைக்கு, கண்டாக்கையாவ கூப்புடு."

விளக்குப் பச்சையாக எரிந்தது. "வணக்கம், சண்முகவடிவு" என்றது கருவி. அழைப்புப் போகுமுன் பூரணி அதே குரலில் "வேணாம்" என்று நிறுத்திவிட்டாள்.

சுற்றியிருந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. சண்முகவடிவின் மகள் தனுஷிகா, கூடையைத் தலையில் மாட்டியபடி அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அன்றுமுதல் பூரணி ஒவ்வொரு காலையும் ஒரு தடவை அக்குரலில் "மைக்கு" என்று மட்டும் சொல்லிக் கருவியைச் சோதித்துக்கொண்டாள். தனுஷிகாவும் ஒவ்வொரு நாளும் ஒரு நிரை கிட்டவாக வந்து கொழுந்து பறித்தாள். ஒரு மாலை, அவர்கள் குடியிருந்த லயத்துக்குத் திரும்பும் பாதையில், அவள் பூரணியின் முந்தானையைப் பற்றினாள்.

"அக்கா, அந்தக் கொரல்ல என் பேரச் சொல்லி ஒரு தடவ கூப்புடுங்களேன்."

"வேணாம் புள்ள."

"ஒரே ஒரு தடவ."

"அது என் கொரல் இல்ல. உசுருக்குப் பயந்து எரவல் வாங்கியிருக்கேன். வெளையாடக் கூடாது."

ஆனி மாதத்தில், மூடுபனி செடிகளின் மேல் அமர்ந்திருந்த ஒரு முற்பகல், பூரணி நாலாம் நம்பர் மலையில் நிரையின் எல்லையிலிருந்த பாறையடியில் தனித்து நின்றாள். குளவியின் முதற் கொட்டுக் கழுத்தில் விழுந்தது. இரண்டாவது உதட்டில் விழுந்தது. அவள் இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்துத் தலைக்குமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு செடிக்கடியில் சுருண்டாள். மோவாயைத் தாழ்த்தினாள். சண்முகவடிவின் குரலைத் தேடினாள். நாக்குத் தடித்து வாயை நிறைத்திருந்தது. ஓர் ஒலியும் வெளிவரவில்லை. படங்கினுள்ளே இருந்த இருட்டில் பச்சை விளக்கு எரிந்ததும், "வணக்கம், சண்முகவடிவு" என்று கருவி சொன்னதுமே அவளுக்கு இறுதியாக நினைவிலிருந்தவை.

மறுநாள் கண்டாக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார். 

"எப்பிடி அவ்வளவு தெளிவா பேசுன? 'நாலாம் நம்பர் மல, பாறைக்கு அடியில, வெரசா வாங்க'ன்னு. ஒரு நிமிசம் எனக்கு ஒடம்பே வெறச்சுப் போச்சு பூரணி. அப்பிடியே அவதான்."

பூரணி இல்லையென்று தலையசைத்தாள். வலிக்கிறது போலும் என்று எண்ணி அவர் தாதியை அழைத்தார்.

மூன்றாம் நாள் துணைக்கு வந்த தனுஷிகா, கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். யாரோ கழற்றி வைத்த மைக், சிறு மேசையில் தண்ணீர்க் கோப்பையை ஒட்டிக் கிடந்தது. தொண்டை சற்றுத் தளர்ந்திருந்தது. பூரணி தண்ணீர் கேட்க வாயைத் திறந்தாள்.

"தனுஷிகா" என்று வந்தது.

உச்சத்தில் தொடங்கி, நடுவில் உடைந்து, தாழ்ந்து அடங்கியது அது.

பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவள் திரும்பியது கட்டிலின் பக்கம் அன்று. பாதி உரித்த பழம் கையிலிருக்க, வார்ட்டின் வாசலையே பார்த்தபடி மெல்ல எழுந்து நின்றாள். மேசையிலிருந்த கண்ணாடிக் கோப்பையின் தண்ணீர், மைக்கின் விளக்கொளியில், அடியிலிருந்து சிறிது சிறிதாகப் பச்சையாகிக்கொண்டிருந்தது.