உப்புப் பார்க்கிறவள்

நாத்தனார் ஒரு வாய் எடுத்து வைத்தாள். மறுகணம் எழுந்து ஓடிப்போய்க் கழுவுதொட்டியில் துப்பினாள்.

"அண்ணி, இதுலயா உப்பைக் குறைச்சிருக்கீங்க?"

அண்ணிக்குச் சுருக்கென்றது. அண்ணனைப் பார்த்துக்கொள்ள வந்தவள் இன்னும் பையைக்கூடப் பிரிக்கவில்லை, அதற்குள் குற்றம் கண்டுபிடித்தாயிற்று. கணவருக்குச் சிறுநீரகம் பாதி போய்விட்டது, இரத்த அழுத்தம் இறங்காவிட்டால் மீதியும் போய்விடும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவள் உப்பு டப்பாவைத் தொடவே பயந்துகொண்டிருந்தாள். கொதிக்கிற பருப்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள்; சப்பென்று இருக்கும்போதே நிறுத்திவிடுவாள். கணவரும் மகளும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். அப்படியும் அழுத்தம் இறங்கியபாடில்லை.

"கண்ணை மூடிக்கிட்டா கொட்டுறேன்? வாயில வெச்சுப் பாத்துத்தான் போடுறேன்."

"உங்க வாயை நம்பித்தான் அண்ணன் இந்தக் கதியில கெடக்காரு."

அவள் வாயை இதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. அந்த வாயால்தான் அவளுக்குச் சம்பளமே. வறுவல் பாக்கெட் போடும் தொழிற்சாலையில் ருசி பார்க்கிற வேலை. சூப்பர்வைசரிலிருந்து லாரிக்காரர் வரை எல்லோருக்கும் அவள் 'நாக்கக்கா'. அவள் தலையாட்டாமல் ஒரு பெட்டிகூட வெளியே போகாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐயோ கரிக்கிறதே என்று கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பியதுண்டு. பிறகு ஊருக்கு அது பழகிப்போனது. பழகியதும், முன்ன மாதிரி இல்லையே என்று புகார் வர ஆரம்பித்தது. புகார் வரும்போதெல்லாம் மசாலாவில் கொஞ்சம் ஏற்றுவார்கள். அவள் மென்று பார்த்து, "இப்பதான் சரி" என்பாள். பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கே அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கிற காலமும் வந்தது. ஊர் நாக்கை இப்படி ஏற்றிவிட்டவளுக்குத் தன் நாக்கும் கூடவே ஏறிப்போனது தெரியவில்லை.

மறுநாள் நாத்தனார் டாக்டர் சொன்ன அளவுக்கு ஒரு குட்டி ஸ்பூனால் உப்பை அளந்து போட்டாள். "இப்ப பாருங்க, அண்ணி."

அவள் உள்ளங்கையில் விட்டு நக்கினாள். வெந்நீரை நக்கியதுபோல் இருந்தது. இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தாள். பருப்பு என்று ஒன்று அதில் இருப்பதாகவே தெரியவில்லை.

"உனக்கு உப்பு தெரியுதா?"

"நல்லாவே தெரியுது."

அப்படியானால் இத்தனை வருஷமாக, குறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்த இந்த நாட்களிலும், அவள்தானே ஆசை ஆசையாகப் பரிமாறி அந்த மனுஷனைப் படுக்கையில் தள்ளியிருக்கிறாள்? உன் கைப்பக்குவம் யாருக்கு வரும் என்று அவர் தட்டை வழித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. நாத்தனார் எதிரில் அழக்கூடாது என்று அடுப்பைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து சமையல் ஸ்பூன் கணக்குக்கு மாறியது. அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "பசிக்கல" என்று தட்டைத் தள்ளினார். அழுத்தம் என்னவோ இறங்கியது. ஆளும் துணி தொங்குவதுபோல் ஆகிவிட்டார்.

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பினாள். நாத்தனார் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். சமையலறையில் அவர் சுவரோரமாகக் குந்தியிருந்தார். மகளின் பள்ளிக்கூடப் பை பக்கத்தில் திறந்து கிடந்தது. அவர் மடியில் வறுவல் பாக்கெட். காலையில் அவள் தலையாட்டி அனுப்புகிற அதே சரக்கு.

"என்னங்க பண்றீங்க? செத்துப்போகவா ஆசை?"

பாய்ந்து பிடுங்கினாள். அவர் பிடியை விட்டுவிட்டார். விரல்களில் ஒட்டியிருந்த மசாலாவை வேட்டியில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"நீயுந்தான் வீட்ல ஒழுங்கா சாப்பிட்டு எத்தனை நாளாச்சு. ரெண்டு எடுத்துக்கோ."

திட்டத்தான் வாயைத் திறந்தாள். வாயெல்லாம் எச்சில் ஊறியிருந்தது.